பெயர் உண்டு, படுக்கை இல்லை: தெற்கு ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

தெற்கு ரயில்வேயின் பொது மேலாளருக்கும், வணிகப் பிரிவு, இயந்திரவியல் பிரிவு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தையில் பொங்கல், பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோயில், மே மாத விடுமுறை, ஆவணியில் யாராவது ஒருவரின் கல்யாணம், ஆயுத பூஜையை ஒட்டி நாலு நாள், பிறகு தீபாவளி. சென்னையில் வேலையும் மதுரைக்குத் தெற்கே ஊருமாக இருக்கும் குடும்பத்துக்கு ஒரு வருடம் ஏறக்குறைய இப்படித்தான் ஓடும். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலைத்தான் தேடுவார்கள். கழிப்பறை உண்டு, அழுதால் தூக்கிக்கொண்டு நடக்கலாம், கிடத்தித் தூங்கவைக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையை உங்கள் முன்பதிவு முறை கண்டுகொள்வதே இல்லை.

5 வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். தனிப் படுக்கை வேண்டுமென்றால் பெரியவருக்கான முழுக் கட்டணம். தாராளமான விதிதான், அதில் எங்களுக்குப் புகார் இல்லை. ஐஆர்சிடிசியில் டிக்கெட் எடுக்கும்போது, படுக்கை இல்லாத குழந்தையையும் சேர்க்க ஒரு கட்டம் இருக்கிறது. பெயர், வயது எல்லாம் கேட்கும். ஆக, எந்த டிக்கெட்டில் குழந்தை வருகிறது என்பது வண்டி கிளம்பப் பல நாள் முன்பே கணினிக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தாய்க்கு மேல் படுக்கையைக் கொடுக்கிறது. கேட்டு வாங்கிய தகவலுக்குப் படுக்கை ஒதுக்குவதில் ஒரு வேலையும் இல்லை.

கீழ்ப் படுக்கைக்கென்று ஒரு ஒதுக்கீடு இருக்கிறதே என்பீர்கள். அது 60 வயது ஆன ஆண்களுக்கும், 45 வயது ஆன பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும். ஸ்லீப்பர் பெட்டிக்கு ஆறேழு, மூன்றடுக்கு ஏசியில் நாலைந்து. வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை கீழ்ப் படுக்கைக்குத் தகுதி, பிள்ளை கைக்கு வந்துவிட்டால் தகுதி போய்விடுகிறது. சரி, பாட்டி கூட வருகிறார், அவர் பெயரில் ஒரு கீழ்ப் படுக்கை கிடைக்காதா? அதிலும் ஒரு முடிச்சு. அந்த ஒதுக்கீட்டில் தகுதியுள்ளவர் தனியாகவோ, தகுதியுள்ள இன்னொருவருடன் சேர்ந்தோதான் பதிவு செய்யலாம். மருமகளும் மகனும் அதே டிக்கெட்டில் இருந்தால் அந்த ஒதுக்கீட்டில் பாட்டியின் வயதுக்குப் பலன் இல்லை. தனி டிக்கெட்டாக எடுத்தால் பாட்டி எஸ்-3இலும் மற்றவர்கள் எஸ்-7இலும் விழுவார்கள்.

'ஒரு கீழ்ப் படுக்கையாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்ற தேர்வு சாதாரண நாட்களில் நன்றாகவே உதவுகிறது. பண்டிகைக்கு அதுவே காலை வாரும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. தீபாவளிக்குப் பதிவு திறக்கும் அன்று காலை 8 மணிக்குப் போட்டி போடுகிறவர் இந்த நிபந்தனையையும் வைத்தால், கீழ்ப் படுக்கை தீர்ந்த கணமே பதிவு தோற்றுவிடும். மறுபடி முதலிலிருந்து வருவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட். அதனால் நிபந்தனை இல்லாமல் எடுத்துவிட்டு, வண்டியில் ஏறிய பிறகு எதிரில் இருப்பவரிடம் கெஞ்சுவதுதான் நடைமுறை. பெரும்பாலும் மாற்றிக் கொடுக்கிறார்கள். மனிதர்கள் நல்லவர்களாக இருப்பதை நம்பி ஒரு முன்பதிவு முறை நடக்கக்கூடாது.

நாங்கள் கேட்பது புது ஒதுக்கீடு அல்ல. எல்எச்பி என்ற புதுவகைப் பெட்டிகளில், மூன்றடுக்கு ஏசிக்கு 72 படுக்கை. அதில் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கைகளை விட்டுவிட்டாலும் 18 கீழ்ப் படுக்கை உண்டு. 80 படுக்கை கொண்ட எல்எச்பி ஸ்லீப்பரில் 20. டிக்கெட்டில் குழந்தையின் பெயர் சேர்ந்திருந்தால், பொது ஒதுக்கீட்டில் மிச்சமிருக்கும் கீழ்ப் படுக்கைகளில் ஒன்று அந்த டிக்கெட்டுக்கு முதலில் போகட்டும். படுக்கை ஒதுக்கும் வரிசையை மாற்றினால் போதும். பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நடைபாதையை ஒட்டியிருப்பதால் போகிற வருகிற பையெல்லாம் பிள்ளையின் தலையை உரசும்.

நடுப் படுக்கை வந்தால் என்ன ஆகிறது தெரியுமா? பிள்ளை எட்டு மணிக்கே கண்ணைச் சொருகும். நடுப் படுக்கையை இரவு 10 மணிக்கு முன் தூக்கக்கூடாது என்பது விதி. இரண்டு மணி நேரம் மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்து, பத்து மணிக்குத் தூக்கிக் கிடத்தும்போது முழித்துக்கொள்ளும். அப்புறம் பெட்டி முழுக்க யாருக்கும் தூக்கம் இல்லை.

இதற்கு நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வழி தூளி. எதிரெதிர் மேல் படுக்கைகளின் கம்பியில் புடவையின் இரண்டு முனையையும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பருத்திப் புடவை என்றால் முடிச்சு நிற்கும். வழவழப்பான சிந்தெடிக் புடவை வண்டியின் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும், யாரும் கவனிக்க மாட்டார்கள். வண்டி தண்டவாளம் மாறும் இடங்களில் பக்கவாட்டில் உலுக்கும்போது தூளி ஏணியில் போய் இடிக்கும். விளக்கை அணைத்த பிறகு மேலிருந்து இறங்குகிறவர் காலை எங்கே வைப்பார் என்று சொல்ல முடியாது. இது ஆபத்து என்று அறிவிப்புப் பலகை வைப்பது சுலபம். ஆனால் வேறு வழி கொடுக்காமல் தடுத்தால் யார் கேட்பார்கள்?

வேறு வழியை ரயில்வே ஒருமுறை முயன்றது. 2022 மே மாதம் லக்னோ மெயிலில் ஒரு மூன்றடுக்கு ஏசி பெட்டியின் இரண்டு கீழ்ப் படுக்கைகளில் குழந்தைப் படுக்கை பொருத்தினார்கள். நீளம் 770 மில்லிமீட்டர், அகலம் 255. வேண்டாதபோது மடித்துக் கீழே தள்ளிவிடலாம். பாராட்டு வந்தது, கூடவே சாமான் வைக்கும் இடம் அடைபடுகிறது, கால் வைக்கும் இடம் குறைகிறது என்ற புகாரும் வந்ததாக 2024இல் நாடாளுமன்றத்தில் பதில் சொல்லப்பட்டது. நியாயமான புகார்தான். பத்து அங்குலம் வெளியே நீட்டினால் எதிர் இருக்கைக்காரருக்கு முழங்கால் இடிக்கும்.

அதனால் இன்னொரு படுக்கை வேண்டாம். தடுப்பு வலை ஒன்று போதும். கீழ்ப் படுக்கை சுமார் இரண்டடி அகலம். பிள்ளையைச் சுவர்ப் பக்கம் கிடத்தினால் தாய் ஓரத்தில் ஒருக்களித்தே விடிய வேண்டும். அவர் கழிப்பறைக்கு எழுந்தால் அந்தப் பக்கம் திறந்து கிடக்கும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரத்தில், விரல் சிக்காத நெருக்கமான வலை. அடிப்பட்டை மெத்தைக்கு அடியில் சுற்றிவர, மேல்பட்டை நடுப் படுக்கையின் கொக்கியில் மாட்டினால் நிற்கும். பட்டையின் மிச்ச நுனி தொங்கக்கூடாது, பிள்ளையின் கழுத்தில் சுற்றும். அதைத் தைத்து மடித்துவிட வேண்டும். பெட்டிக்கு நாலு வலை, ஏசியில் கம்பளி கொடுக்கும் பணியாளரிடமே இருக்கலாம். பெட்டியில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை.

வெந்நீர் விஷயம். பால் பவுடரை 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கரைக்க வேண்டும், கரைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க் நள்ளிரவுக்குள் காலியாகிவிடும். தெற்கே போகும் இரவு வண்டிகள் பலவற்றில் பான்ட்ரி கார் கிடையாது. பெட்டியில் கெட்டில் போடக்கூடாது என்பது சரியான விதி, தீப்பிடிக்கும். 2016இல் ஜனனி சேவா என்ற பெயரில் நிலையங்களில் பாலும் வெந்நீரும் குழந்தை உணவும் தரும் திட்டம் தொடங்கியது. அது அதிகம் தேவைப்படுவது நள்ளிரவில்தான். விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் நடைமேடைகளில் ஒரு கடையாவது ராத்திரி வெந்நீர் தரும்படி உரிம நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

டயப்பரை பயோ டாய்லெட்டில் போட்டால் குழாய் அடைத்து, அந்தப் பெட்டிக்கே கழிப்பறை போய்விடும். போடாதே என்று எழுதியிருக்கிறீர்கள், எங்கே போடுவது என்று எழுதவில்லை. வாஷ் பேசினுக்கு அடியில் மூடியுள்ள தொட்டி வையுங்கள். ஹம்சஃபர் எக்ஸ்பிரஸ் வண்டிகளின் பெட்டிகளில் வந்த, டயப்பர் மாற்றும் மடக்குப் பலகை மற்ற வண்டிகளுக்கும் வரட்டும்.

பகல் வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 5 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைக்குப் படுக்கை இல்லாமல் அரை டிக்கெட் எடுக்கும் வசதி சேர் காரிலும் இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டியிலும் இல்லை. அது புரிகிறது, அந்த வயதில் இருக்கை வேண்டும். ஆனால் நாலு வயதுப் பிள்ளையை வைகை எக்ஸ்பிரஸில் ஏழு மணி நேரத்துக்கு மேல் மடியில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு, முழுக் கட்டணம் அல்லது மடி என்ற இரண்டே வழி. நடுவில் அரைக் கட்டண இருக்கை ஒன்று இருக்கலாம்.

முன்பதிவு மென்பொருள் ரயில்வேயின் கணினி நிறுவனமான கிரிஸ் கையில் இருக்கிறது, கட்டண விதி ரயில்வே வாரியத்தின் கையில். அவற்றை நீங்கள் பரிந்துரைக்கத்தான் முடியும், தெரியும். ஆனால் வண்டி ஓடும்போது காலியாகும் கீழ்ப் படுக்கையை முதியவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி ஆகியோருக்குக் கொடுக்க டிடிஆருக்கு ஏற்கெனவே அதிகாரம் உண்டு. கைக்குழந்தையோடு வருகிறவரையும் கவனியுங்கள் என்று உங்கள் மண்டலத்து டிடிஆர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம்.

சாத்தூர், கோவில்பட்டி போன்ற நிலையங்களில் வண்டி ஓரிரு நிமிடமே நிற்கும். ஒரு பெட்டி ஏறத்தாழ 24 மீட்டர். எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று காட்டும் கோச் போர்டு ஐந்து பெட்டி தள்ளிக் காட்டினால், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு 120 மீட்டர் ஓட வேண்டும். பெட்டி வரிசை மாறிய வண்டிகளில்தான் இது அதிகம் நடக்கிறது. வரிசை மாறினால் வழியிலுள்ள நிலையங்களுக்கு முன்கூட்டியே தகவல் போகட்டும். போர்டைத் திருத்த நேரமில்லாவிட்டால் ஒலிபெருக்கியிலாவது, வண்டி வந்து நிற்பதற்கு முன், இரண்டு தடவை தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிறு பிள்ளைகளோடு ஊருக்கு ரயிலேறும் பெற்றோர்