ஜெபத்தில் பையனைத் திட்டாதே, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். போனில் நீ அழுததில் பாதி விஷயம் பேச முடியாமல் போய்விட்டது, அதனால் எழுதுகிறேன். உன் பெயரை விட்டுவிட்டுப் பொதுவில் போடுகிறேன். நெல்லைச் சீமையில் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகிற வீடுகள் பலவற்றில் இப்போது இதே கதைதான் என்று உனக்கே தெரியும்.

உன் மகன், என் மருமகன், ஃப்ரீ ஃபயர் என்கிற துப்பாக்கிச் சண்டை கேமிலேயே கிடக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறான். ட்யூஷன் என்று சொல்லிவிட்டு எவன் வீட்டு மொட்டை மாடியிலோ உட்கார்ந்து விளையாடியிருக்கிறான். இதையெல்லாம் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காலாண்டு விடுமுறையில் வந்திருந்தபோது என்னை அதிகம் உறுத்தியது உங்கள் குடும்ப ஜெபம்.

எட்டரை மணிக்குப் பாயை விரித்து எல்லாரும் உட்காருகிறீர்கள். பாட்டு, வேதவாசிப்பு வரைக்கும் சரி. அப்புறம் நீ ஜெபிக்க ஆரம்பித்தால், "ஆண்டவரே, இந்த வீட்டில் ஒரு பிள்ளை உம்மை மறந்து போனைக் கும்பிடுகிறான், அவனைப் பிடித்திருக்கிற ஆவியைக் கட்டிப்போடும்" என்று போகிறது. இது ஆண்டவருக்குச் சொல்வதா, பக்கத்தில் இருக்கிற பையனுக்குச் சொல்வதா? பகலில் பேசியதையே கண்ணை மூடிக்கொண்டு திரும்பப் பேசுகிறாய். பகலில் என்றால் அவன் எதிர்த்து நாலு வார்த்தை பேசலாம். ஜெபத்தில் ஆமென் மட்டும்தான் சொல்ல முடியும். அன்றைக்கு அவன் அதையும் சொல்லவில்லை. பாயின் ஓரத்துக் கோரையை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

போதாததற்கு வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லி ஜெபக்குறிப்பு வேறு கொடுத்துவிட்டாய். அதற்கப்புறம்தான் வாலிபர் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினான். கேம்தான் அவனைக் கோயிலிலிருந்து பிரித்துவிட்டது என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருவில் உள்ள ஆச்சிகள் எல்லாம் "என்னடே, போனை விட்டுட்டியா?" என்று கேட்கிற இடத்துக்கு 15 வயதுப் பையன் எப்படி வருவான்?

அக்கா, அந்தப் போனுக்குள் ஆவி ஒன்றும் இல்லை. பிள்ளைகள் நாளைக்கும் வந்து திறக்க வேண்டும் என்று யோசித்து வேலை செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். தினமும் உள்ளே வந்தால் ஒரு பரிசு. மாசக்கணக்கில் விளையாடி ஏறிய ரேங்க், சீசன் முடிந்ததும் கீழே இறங்கிவிடும். மறுபடியும் ஏற வேண்டும். டைமண்ட் என்பது கேமுக்குள் செல்லுகிற காசு, நிஜக் காசு கொடுத்து வாங்க வேண்டும்; அதைப் போட்டுச் சுற்றினால் துப்பாக்கிக்குப் புது ஸ்கின், அதாவது புது அலங்காரம் விழலாம், விழாமலும் போகலாம். பொருட்காட்சியில் வளையம் எறிகிற கடைக்காரனுக்கும் அந்த "விழலாம்" தான் பிழைப்பு. அதனால் முதல் வேலையாக அத்தான் போனில் யுபிஐ பின்னை மாற்று. பிளே ஸ்டோரில் பாஸ்வேர்டு கேட்காமல் எதையும் வாங்க முடியாதபடி செட்டிங்கைப் போடு.

அரசாங்கம் தடை செய்துவிட்டால் தீர்ந்தது என்று அத்தான் சொன்னார். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள். அடுத்த வருஷமே பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் வந்து நின்றது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் தடை செய்தார்கள். ஆனால் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் இருந்தது. பையன்கள் பழைய ஐடியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டார்கள். உன் மகன் இப்போது விளையாடுவதும் அதைத்தான்.

எட்டரை மணிச் சண்டைக்கு வருகிறேன். அவனையும் சேர்த்து நாலு பேர் ஒரு அணியாக விளையாடுகிறார்கள், நாலு பேருக்கும் ட்யூஷன் முடிவது எட்டு மணிக்கு. நாலு பேரும் சேர்ந்து ஆன்லைனில் வருவதற்கு அவர்களுக்குக் கிடைக்கிற நேரம் அது ஒன்றுதான். நீ ஜெபத்துக்குக் கூப்பிடுகிற நேரமும் அதுவே. டிவி சீரியலைப் போல அதை நிறுத்தி வைத்துவிட்டு வர முடியாது. மேட்ச் ஓடிக்கொண்டேதான் இருக்கும், பாதியில் எழுந்தால் இவனுக்குப் பாயின்ட் போகும், மற்ற மூன்று பேரும் ஒரு ஆள் குறைந்து மாட்டிக்கொள்வார்கள். ஒரு மேட்ச் பத்து, பதினைந்து நிமிஷம். "இப்பவே வை" என்பதற்குப் பதிலாக "இந்த மேட்ச் முடிஞ்சதும் வா" என்று சொல்லிப் பார். அதற்குமேல் அடுத்த மேட்ச் தொடங்கினால் அப்போது கண்டிப்பாக இரு. இல்லாவிட்டால் ஜெபத்தை ஒன்பதரைக்குத் தள்ளு. எட்டரை என்பது தாத்தா காலத்து வழக்கம், அவ்வளவுதானே.

ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து "எனக்கும் காட்டுடே" என்றேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தான், அப்புறம் ஹெட்போனில் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தான். நாலு பேரில் யார் எங்கே போக வேண்டும், எந்த வீட்டுக்குள் ஆள் இருக்கிறது என்று சொல்வது இவன்தான். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பையன், அங்கே மூச்சுவிடாமல் பேசுகிறான். ஒருத்தன் அடிபட்டு விழுந்தபோது, தான் ஒளிந்திருந்த இடத்தை விட்டு ஓடிப்போய் அவனை ரிவைவ் பண்ணினான், அதாவது மறுபடி எழுப்பிவிட்டான். இரண்டு பேருமே செத்தார்கள். இதற்குப் போய், சிநேகிதருக்காக ஜீவனைக் கொடுப்பதைப் பற்றிய யோவான் 15:13 என்று வசனம் போட மாட்டேன், பயப்படாதே. உன் பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்று நீ பார்க்காத இடத்தில் நான் பார்த்தேன், அதைச் சொல்கிறேன். அந்த நாலு பேரில் ஒருவன் ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டிக்குப் பரிசு வாங்குகிறவன். யார் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன்.

அத்தான் நீதிமொழிகள் 13:24-ஐ எடுத்துப் பிரம்பைப் பற்றிப் பேசுகிறார். கொலோசெயர் 3:21-ம் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று தகப்பன்மாருக்கே எழுதியது. அதை ஒரு பிரசங்கியார் மேடையில் அழுத்திச் சொல்லி நான் கேட்டது குறைவு.

கண்டிப்பு வேண்டிய இடம் ராத்திரி. பத்து மணிக்கு மேல் போன் அவன் அறையில் இருக்கக் கூடாது. அவனுடையது மட்டும் என்றால் சண்டைதான் வரும், வீட்டில் உள்ள எல்லாப் போனும் அடுப்படி மேடையில் சார்ஜில் கிடக்கட்டும். அத்தான் படுத்துக்கொண்டு ஷார்ட்ஸ் பார்ப்பதும், நீ காலையில் எழுந்ததும் வாக்குத்தத்த வசனத்தைப் பத்து குரூப்புக்கு அனுப்புவதும் அவன் கண்ணில் படாமலா இருக்கிறது? ஆத்திரத்தில் போனைப் பிடுங்கி உடைக்கிற வேலை வேண்டாம். உடைத்தால் வேறொருத்தன் போனில் விளையாடுவான், அதுவும் உன் கண்ணுக்குத் தெரியாமல்.

டாக்டர் விஷயம். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்ற ஒன்றையும் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் நிறைய நேரம் விளையாடுகிற எல்லாரையும் அதில் சேர்க்க முடியாது. நிறுத்த நினைத்தும் முடியாமல், மற்ற எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாகி, படிப்பும் உறவும் கெடுகிறது என்று தெரிந்தும் தொடர்வது, பொதுவாக 12 மாதமாவது அப்படி இருப்பது என்றெல்லாம் பார்க்கிறார்கள். மருமகன் அந்த அளவுக்குப் போகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் நான் டாக்டர் இல்லை. தூக்கம் சுத்தமாகக் கெட்டாலோ, பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்றாலோ, கை ஓங்கினாலோ, செத்துவிடுவேன் என்று பேசினாலோ 12 மாதத்துக்குக் காத்திருக்காதே. 14416-க்குப் போன் பண்ணு, டெலி மானஸ் என்கிற அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு கிளினிக்கை 2014-லேயே தொடங்கிவிட்டார்கள். "விசுவாசம் இருந்தால் டாக்டர் எதற்கு" என்று யாராவது சொன்னால், சுவிசேஷம் எழுதிய லூக்கா என்ன வேலை பார்த்தார் என்று கேள், வைத்தியர்தானே.

ஜெபிக்காதே என்று சொல்லவில்லை. அவனுக்காக நீ தனியாக முழங்கால் போடு, எவ்வளவு நேரமானாலும் போடு. குடும்ப ஜெபத்தில் மட்டும் அவனை விட்டுவிடு. முடிந்தால் ஒரு நாள் அவனையே ஜெபிக்கச் சொல். ஒரு வரியில் முடித்தாலும் திருத்தாதே.

மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் அவனை இங்கே அனுப்பு, போனோடு வரட்டும். அடுப்படியில் சார்ஜர் போடுகிற விஷயத்தை அத்தானிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னதாகத் தெரிந்தால் செய்ய மாட்டார்.

அன்புடன்,
உன் தம்பி