முள் இருக்கும் இடம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்து மூன்று வாரங்களாகின்றன. மழைக்கு முன் விதை சேகரித்து முடிக்கும் அவசரத்தில் இருந்ததால் உடனே பதில் எழுத இயலவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி குறைந்து, காலையில் மீண்டும் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று படித்து மகிழ்ந்தேன். எனக்கு இப்போது வலி முதுகில். அதற்குக் காரணம் கடப்பாரைதான், வயதில்லை என்று வீட்டில் எல்லோரிடமும் சாதித்து வருகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு, நாட்டுச் செடிகளைக் காக்கும் உள்ளூர்க் குழு ஒன்றில் நான் சேர்ந்திருப்பதைக் கேள்விப்பட்டு, "இதுவரை எத்தனை மரம் நட்டீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். உண்மையைச் சொல்வதானால், இந்த இரண்டு ஆண்டுகளில் என் கையால் நட்டவை நாற்பதைத் தாண்டா. குழி தோண்டி, கன்று வைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டு வரலாம் என்ற எண்ணத்துடன்தான் நானும் முதல் நாள் சென்றேன். அவர்களோ என் கையில் ஒரு களைக்கொத்தைக் கொடுத்து உண்ணிச்செடிப் புதருக்குள் அனுப்பிவைத்தார்கள். அன்று தொடங்கி, பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகள் பிடுங்குவதிலும், விதை பொறுக்குவதிலும், செடிகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டு மறப்பதிலுமே கழிந்திருக்கின்றன.

உண்ணிச்செடி தாங்கள் அறிந்ததுதான்: சிறுசிறு பூக்கள் சேர்ந்த வண்ணக்கொத்து, சொரசொரப்பான இலை, கசக்கினால் காரமான நெடி. அமெரிக்க வெப்பமண்டலப் பகுதிகளிலிருந்து அழகுக்காகத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் வேலி தாண்டிக் காடுகளுக்குள் புகுந்துவிட்டது. தரைக்கு மேலே வெட்டினால் அடுத்த மழையில் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். தண்டும் வேரும் கூடும் இடத்திலிருந்துதான் அது துளிர்விடுகிறது என்பதால், மண்ணை விலக்கி, அந்த இடத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே ஆணிவேரை வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். மண்ணில் படாத தூர் வெயிலில் காய்ந்து போகும். அதன் பழத்தைத் தின்ற பறவைகள் எந்த மரத்தில் அமர்கின்றனவோ அந்த மரத்தடியில் புதிய நாற்றுகள் முளைக்கும் என்பதால், புதரை அகற்றிய பிறகும் அங்கே பலமுறை போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. சலிப்பூட்டும் வேலை என்பதை மறைக்க மாட்டேன்.

இனி, நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். சேர்ந்த மூன்றாம் மாதம், எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு வந்த சமயத்தில், சீமைக்கருவேலங் கன்றுகளைத் தோண்டி எடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். காலை முழுவதும் வியர்வை சிந்திப் பதினொரு கன்றுகளைத் தோண்டி, வரிசையாக அடுக்கிவைத்துவிட்டுப் பெருமையுடன் நின்றேன். எங்கள் குழுவில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இளமையில் ஆடு மேய்த்தவர். ஆடு எதைத் தின்னும், எதை மோந்து பார்த்துவிட்டு விலகும் என்பதைக் கொண்டே செடிகளை அடையாளம் காண்பவர். அவர் ஒரு கன்றை எடுத்துத் தண்டின் மீது விரலை மெல்ல ஓட்டினார். அடுத்ததை எடுத்தார். ஏழாவது கன்றுக்குப் பிறகு, "ஐயா, இதெல்லாம் வன்னி" என்றார்.

வன்னியும் சீமைக்கருவேலமும் நெருங்கிய உறவுடையவை. இளங்கன்றாக இருக்கும்போது இலையைப் பார்த்து வேறுபடுத்துவது என் போன்றவர்களுக்கு எளிதன்று. முள் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார் பெரியவர். சீமைக்கருவேலத்தில் முட்கள் இலை கிளம்பும் கணுவில், பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். வன்னியிலோ கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டில், அடி அகன்ற சிறு முட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். என் விரலைப் பிடித்து அவர் தடவிக் காட்டிய பிறகு, கண்ணை மூடிக்கொண்டே இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்தது. வன்னி முதலில் வேரை ஆழமாக இறக்கிக்கொண்டு, மேலே மெதுவாகத்தான் வளரும். முழங்கால் உயரத்தில் நான் தோண்டியவை எத்தனை ஆண்டுகள் அங்கே நின்றிருந்தனவோ! அன்று மாலையே அத்தனை வன்னிக் கன்றுகளையும் திரும்ப நட்டோம். வேர் அறுபட்டுப் போயிருந்ததால் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஒருவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த வாரம் ஒரு கட்டு சிவப்புத் துணியைக் கையில் கொடுத்து, களை எடுப்பதற்கு முன் நாட்டுக் கன்றுகள் அனைத்திலும் துணி கட்டுவது இனி என் வேலை என்றார்கள். இன்றுவரை அது என் வேலைதான்.

நட வேண்டாம் என்று மறுப்பதும் இந்தப் பணியின் ஒரு பகுதி என்பதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. சென்ற ஆண்டு நல்லெண்ணம் கொண்ட சிலர் முந்நூறு மரக்கன்றுகளுடன் வந்து, நாங்கள் பார்த்துக்கொள்ளும் புல்வெளியில் நட வேண்டும் என்றார்கள். குழு மறுத்துவிட்டது. வெற்றிடமாகக் கிடக்கும் நிலத்தில் மரம் வைத்தால் என்ன கேடு என்று அன்று நானும் அவர்கள் பக்கமே பேசினேன். பிறகு ஒருநாள் அந்தப் புல்வெளியில் காலை வைக்கப் போன இடத்தில், கூழாங்கற்களோடு கூழாங்கற்களாக, புள்ளி விழுந்த நான்கு முட்டைகள் கிடந்தன. தலைக்கு மேலே ஆட்காட்டிக் குருவி கத்திக்கொண்டே வட்டமிட்டது. திறந்தவெளித் தரையில் முட்டையிடும் பறவைக்கு, நிழல் விழுந்து புல் செத்துப்போன தோப்பினால் என்ன பயன்? வெயில் வேண்டிய புற்களும் பூண்டுகளும் உள்ள இடத்தை வெற்றிடம் என்று சொல்லிப் பழகியது நம் பிழை. எருக்கைப் பற்றியும் இதேபோல் ஒரு வாக்குவாதம் நடந்தது. அது பாழ்நிலத்துச் செடி, பிடுங்கிவிடலாம் என்றார் ஒரு நண்பர். மறுநாள் அவரே அதன் இலையடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் வரிவரியான புழுவைக் கண்டுவந்து, தம் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எருக்கின் நச்சுப்பாலை உடலில் சேர்த்துக்கொள்வதால் அந்தப் புழுவையும் பட்டாம்பூச்சியையும் பறவைகள் பெரும்பாலும் தொடுவதில்லை.

இவ்வளவிலும் எனக்கு மிகவும் பிடித்தது விதை வேலை. அதிலும் முதலாண்டு சறுக்கினேன். நாவல் விதைகளை நன்றாக வெயிலில் உலர்த்தி, கண்ணாடிக் குப்பியில் அடைத்து, பெயரும் நாளும் எழுதிப் பத்திரப்படுத்தினேன்; ஒன்றும் முளைக்கவில்லை. நாவல், வேம்பு, இலுப்பை முதலியவற்றின் விதைகள் சேமிப்பைத் தாங்குவதில்லை. பழம் விழுந்த சில நாட்களில் நாற்றுப்பைக்குள் போய்விட வேண்டும். சரக்கொன்றை இதற்கு நேர்மாறு. தண்ணீர் உள்ளே புகாத அளவுக்கு அதன் தோல் கடினமானது. விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, காலையில் உப்பியிருப்பதை விதைத்துவிட்டு, உப்பாததை மறுபடியும் தேய்க்க வேண்டும். மாலை நேரங்களில் பத்துப் பேர் வட்டமாக அமர்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே விதை தேய்க்கும் காட்சியைத் தாங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். ஒரே தாய்மரத்திலிருந்து எல்லா விதையையும் எடுப்பதில்லை. ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள பல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எஞ்சியதைப் பறவைகளுக்கும் மண்ணுக்கும் விட்டுவிடுகிறோம். விதைப்பந்து வீசுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குழந்தைகளுக்கு அது மகிழ்ச்சி தரும் விளையாட்டு. அதற்கு மேல் அதில் எனக்கு நம்பிக்கையில்லை. பிழைப்பது மிகச் சிலவே, வீசியவர்களும் திரும்பப் போய்ப் பார்ப்பதில்லை.

இனி, தங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள நிலத்தைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். புதரையும் முட்செடிகளையும் ஒரேயடியாக இயந்திரம் வைத்துத் தள்ளிவிட்டு, சீக்கிரம் வளரும் மரங்களை நடப்போவதாக எழுதியிருந்தீர்கள். ஒரு மழைக்காலம் மட்டும் எதையும் செய்யாமல் விட்டுவைக்க இயலுமா என்று கேட்கத் தோன்றுகிறது. மழைக்குப் பின் தானாக என்னென்ன முளைக்கின்றன என்பதைப் பார்த்த பிறகு, எதை நீக்குவது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யலாம். தேவையானால் சிவப்புத் துணியுடன் நானே வருகிறேன். அந்தச் சாக்கில் தங்களையும் பார்த்ததாக இருக்கும். அதற்குள், கிணற்றோரம் நிற்பதாகத் தாங்கள் எழுதியிருக்கும் அந்த முள்மரத்தின் சிறு கிளை ஒன்றை ஒடித்து, முட்கள் கணுவில் இருக்கின்றனவா, கணுக்களுக்கு இடையில் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்து எழுதுங்கள். பதில் வரும்வரை அதன் மீது கோடாரி பட வேண்டாம்.

அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்