தானாக வந்தது என்றாயே

கோண்டாவில்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி,

நீ வரைந்து அனுப்பிய ஐந்து படங்களையும் அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நீல நிறத்தில் வரைந்தது நம் கிணற்றடி என்று நான் சொல்லாமலே கண்டுபிடித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வளவு மாஸ்டருக்கும் காட்டினேன். அதன்பிறகு மூன்று கிழமையாக உன் சத்தமே இல்லை. அம்மாவுக்காவது இரண்டு சொல் பேசியிருக்கலாம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நித்திரை கொள்கிறாயா?

அந்த ஐந்தும் ஒரே இரவில் தானாக வந்தது என்றாய். அந்தத் 'தானாக'தான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. நீ இருக்கும் கனடாவில் 2018 முதல் கஞ்சாவைச் சட்டப்படி கடையில் விற்கிறார்கள் என்று சின்ன மாமா ஏதோ கதையோடு கதையாகச் சொன்னார். நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

'குப்லா கான்' என்ற ஆங்கிலக் கவிதையை உனக்கும் படிப்பித்தேன் அல்லவா? அதை எழுதிய கோல்ரிட்ஜ் 1797இல் அபின் மயக்கத்தில் இருநூறு முந்நூறு வரிகளைக் கனவில் கண்டார், எழுதும்போது போர்லொக் என்ற ஊரிலிருந்து ஒருவன் வந்து குழப்பினான், 54 வரிதான் மிஞ்சியது என்று வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அது 1816இல் அவரே முன்னுரையில் எழுதிய கதை. அவருடைய கையெழுத்துப் பிரதி ஒன்று இருக்கிறது. அதில் சில சொற்கள் அச்சில் உள்ளதுபோல் இல்லை. விழித்திருந்து திருத்தியிருக்கிறார், தம்பி. அபினை விட முடியாமல் கடைசிப் பதினெட்டு வருடங்களை ஒரு வைத்தியர் வீட்டில் கழித்தார். இதையெல்லாம் நான் வகுப்பில் சொன்னதில்லை.

எனக்கு அந்த மயக்கக் கதை தேவையாக இருந்தது. கள்ளுத் தவறணையிலிருந்து வந்து எழுதிய கொப்பிகளை நேற்று ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பாதி எனக்கே வாசிக்க முடியவில்லை. விடிய எழுந்து, தேத்தண்ணீரோடு இருந்து திருத்திய நான்கு பாட்டுகள்தான் தேறும்.

உனக்குக் காய்ச்சல் கொதித்த இரவிலும் நான் தவறணையில்தான் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தனியே ஒழுங்கையால் நடந்திருக்கிறாள். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டியதில்லை. மறுநாள் உன்னிடம் நான், "அப்பாவுக்குப் பாட்டு வந்தது" என்றேன். ஏழு வயதில் நீ அதை நம்பினாய்.

கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. நித்திரை கொள். எந்த நேரமானாலும் தொலைபேசி எடு, நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா