அக்காவுக்கு, நான் செய்ற தோட்டா பத்தி

அக்கா,

நல்லாருக்கியா, மச்சான் நல்லாருக்காரா, ஆத்தாவுக்கு முட்டி வலி இப்ப எப்படி இருக்கு. கச்சான் அடங்கி வாடை பொறந்திருக்கும், வல்லத்த மேல ஏத்தி வச்சாச்சா. போன ஞாயித்துக்கெழம பேசிட்டு இருக்கும்போதே நீ போன வச்ச, அதுக்கப்பறம் நாலு நாளா எடுக்கவே இல்ல. மருமகன்ட்ட கேட்டா "மாமா வீட்டுக்குள்ளயே தோட்டா செய்றாருன்னு நான்தான் அம்மாட்ட சொல்லிட்டேன், அன்னிக்கு ராத்திரி அம்மா சாப்பிடவே இல்ல"ங்கிறான். போன்ல பேசுனா நீ அழுவ, நீ அழுதா நான் பாதியில நிறுத்திருவேன், அதான் ஒக்காந்து எல்லாத்தையும் டைப் பண்றேன். மருமகனே, இத அம்மாட்ட சத்தமா படிச்சுக் காட்டு, நடுவுல எதையும் விட்றாத.

நீ என்ன நெனச்சிருப்பன்னு எனக்குத் தெரியும்க்கா. நம்ம கரையில தோட்டான்னா ஒண்ணுதான், மீனுக்குப் போடுற வெடி. சித்தப்பாவ வல்லத்துலருந்து தூக்கியாந்து மணல்ல கெடத்துனப்ப நான் ஏழாவது, உன் தாவணியக் கிழிச்சு அவரு கையில நீதான் சுத்துன. கை எங்க இருந்துச்சு, சுத்துறதுக்கு மணிக்கட்டு வரைக்கும்தான் இருந்துச்சு. திரியக் கொளுத்துனாரு, வீசுறதுக்குள்ள வெடிச்சிருச்சு, அவ்வளவுதான். அந்த வருஷத்துலருந்து நம்ம வீட்ல தீவாளிக்கு ஊசிப்பட்டாசு கூட வாங்குனதில்ல. அந்த வீட்டுப் பிள்ள நானு, நானா வெடிமருந்த கையில எடுக்குறேன்னா உனக்கு வயிறு கலங்காம இருக்குமா.

முதல்ல நான் எப்படி இதுல வந்தேன்னு சொல்றேன். நாங்க இருக்கறது அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல ஹாரிகான் பக்கம், ஊர ஒட்டி பெரிய சதுப்பு, 33,000 ஏக்கருக்கு மேல, இப்ப இந்த அக்டோபர் நவம்பர்ல கனடா வாத்துங்க கூட்டங்கூட்டமா வந்து எறங்கும், காலைல கதவத் தெறந்தா வானம் பூரா சத்தம். வந்த புதுசுல யாரையும் தெரியாது, ஆறு மாசம் பனி, பேச ஆளில்ல, அந்தச் சதுப்ப பாத்துட்டுதான் நாள ஓட்டுனேன். அய்யா நம்மள சித்திரங்குடி கண்மாய்க்கு பஸ்ல கூட்டிட்டுப் போயி கூழைக்கடாவக் காட்டுனாரே, அதே ஞாபகம்தான் வரும். உலக அளவுல முக்கியமான சதுப்பு, கண்மாய்க்கெல்லாம் ராம்சர்னு ஒரு பட்டியல் இருக்கு, சித்திரங்குடியும் அதுல இருக்கு, இந்த ஹாரிகானும் இருக்கு, எனக்கு அது தெரிஞ்சப்ப ரெண்டு ஊரும் சொந்தக்காரங்க மாதிரி தோணுச்சு. அங்க வரப்புல நின்னு வாத்து பாக்கும்போதுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் பழக்கமானாரு. எம்பது வயசு, பொண்டாட்டி போயிச் சேந்துட்டாங்க, என்னய மாதிரியே பேச ஆளில்லாத மனுஷன். ஒருநாள் அவருதான் என்னய ட்ராப் கிளப்புக்கு கூட்டிட்டுப் போனாரு.

ட்ராப்னா பறவைய சுடறது இல்லக்கா, அத முதல்ல தெரிஞ்சுக்க. சின்னச் சட்டி மூடி மாதிரி களிமண் தட்டு ஒண்ண மெஷின் வானத்துல வீசும், அத ஷாட்கன்னால, அதான் ஒரே தோட்டாவுல பொடிக் குண்டா நிறைய சிதறுற துப்பாக்கியால, ஒடைக்கணும், ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு. ஒலிம்பிக்லயே இருக்கு, நம்ம புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ்ல ஆடுனது இந்த ட்ராப்தான். வேலை விசால இருந்த வரைக்கும் நான் துப்பாக்கியத் தொடல, விசால வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சுக்க இங்க பொதுவா சட்டத்துல தடை, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குதான் உண்டு. பதிமூணு வருஷம் காத்துக் கெடந்து கிரீன் கார்டு கையில வந்ததுக்கப்பறம்தான் பெரியவரு அவரோட பழைய துப்பாக்கிய கையில குடுத்தாரு. தட்டு ஒடஞ்சு தூளா பறக்குறத பாத்தா மனசுல இருக்கற பாரம் கொஞ்சம் எறங்குதுக்கா, பொய் சொல்லல.

அங்க சுட்டு முடிச்சதும் எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு காலித் தோட்டாவப் பொறுக்குனாங்க. ஏன்னு கேட்டேன், அதான் ஆரம்பம். ஷாட்கன் தோட்டாவோட கூடு பிளாஸ்டிக்கு, அடியில பித்தளை மூடி மாதிரி இருக்கும், ஒருதடவ சுட்டதும் குப்பையில போட வேண்டியதில்ல, திரும்ப நிரப்பலாம். ஹல்னு சொல்றாங்க அந்தக் காலிக்கூட்ட. பெரியவரு வீட்டு பேஸ்மெண்ட்ல மெக் 600 ஜூனியர்னு ஒரு பிரஸ் இருந்துச்சு, தோட்டா நிரப்புற கை மெஷின், இப்ப அது எங்க வீட்டு பேஸ்மெண்ட்லதான் இருக்கு, தையல் மெஷினவிட கொஞ்சம் உயரம், ஒரு கைப்பிடி, இங்கருந்து கொஞ்ச தூரத்துல மேவில்ங்கற ஊர்ல செய்றது. அதுல ஒவ்வொரு எடமா கூட்ட வச்சு கைப்பிடிய அழுத்தணும். முதல்ல சுட்டு முடிஞ்ச பழைய பிரைமர, அதான் அடியில இருந்து பவுடர பத்த வைக்கற சின்ன மூடிய, தள்ளிட்டு, வீங்குன பித்தளைய பழைய அளவுக்கு கொண்டு வரணும். அப்பறம் புது பிரைமர், அப்பறம் பவுடர், அதுக்கு மேல வாட்னு பிளாஸ்டிக்ல ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள்ள ஈயக்குண்டு, கடைசில வாய ஆறு மடிப்போ எட்டு மடிப்போ மடிச்சு மூடணும். ஆத்தா கடலைக்கு காகிதப் பொட்டலம் மடிப்பாளே, அந்த மடிப்பு மாதிரிதான், ஆனா நடுவுல ஓட்டை விழுந்தா குண்டு சிந்திரும், மேல எழும்பி நின்னா துப்பாக்கிக்குள்ள ஒழுங்கா போகாது.

இதுல எது வெடிக்கும்னு நீ கேப்ப. பவுடர் இருக்கே, அது சித்தப்பா கையில இருந்த ஜாதி இல்லக்கா. வெளிய கொஞ்சம் கொட்டி பத்த வச்சா புஸ்ஸுன்னு எரியும், வெடிக்காது, அடைபட்ட எடத்துல எரிஞ்சாத்தான் அழுத்தம் வரும். ரொம்ப சூதானமா இருக்க வேண்டியது பிரைமர்தான், அது அடி பட்டா வெடிக்கறதுக்குன்னே செஞ்சது, அத கம்பெனி அட்டைத் தட்டுல இருந்து மாத்தி பாட்டில்ல கொட்டி வைக்கவே கூடாது, ஒண்ணு வெடிச்சா மொத்தமும் போகும். பவுடரையும் அதோட டப்பாவுலயேதான் வச்சிருக்கணும், ஒரு நேரத்துல மேசை மேல ஒரே ஒரு டப்பாதான் இருக்கணும்ங்கறது பெரியவரு சட்டம், ரெண்டு டப்பா இருந்தா மாத்திக் கொட்டிருவோம்னு. கண்ணாடி போடாம அந்த ரூமுக்குள்ள போறதில்ல. பூட்டு போட்ட ரூம், சாவி என் இடுப்புல, பிள்ளைங்க எட்டிப் பாக்கக் கூட முடியாது.

அவரு என்னய பிரஸ்ஸ தொடவே விடல தெரியுமா, முதல் மாசம் முழுக்க. புத்தகம் ஒண்ண கையில குடுத்து படிடான்னுட்டாரு. அதுல வரிசை வரிசையா கணக்கு, இந்தக் கூட்டுக்கு இந்த பிரைமர், இந்த பவுடர் இவ்வளவு, இந்த வாட், குண்டு இவ்வளவுன்னு. அஞ்சுல ஒண்ண மாத்துனாலும் அது வேற தோட்டா. பிரைமர மட்டும் வேற கம்பெனிக்கு மாத்துனாலே உள்ள அழுத்தம் எகிறிரும். நம்ம ஊர்ல கொழம்புக்கு புளி இல்லன்னா மாங்கா போட்டுக்கலாம், இதுல அந்தப் பேச்சே கெடையாது, இல்லன்னா இல்ல, வாங்கற வரைக்கும் சும்மா இருக்கணும். எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்தக் கறார்தான். சித்தப்பாவுக்கு இப்படி ஒருத்தர் ஒரு மாசம் சொல்லிக் குடுத்திருந்தா, இல்ல, அதுல யாரு சொல்லிக் குடுத்தும் ஆகப்போறதில்ல, அது தொடவே கூடாத வேலை.

எடைய சொல்றேன் கேளு. இங்க கிரெயின்னு ஒரு அளவு, ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நம்ம நகை ஆசாரி குன்றிமணி வச்சு நிறுப்பாருல்ல, ஒரு குன்றிமணிக்கு ஏறக்குறைய ரெண்டு கிரெயின் வரும். ஒரு தோட்டாவுக்கு பவுடர் ஒரு கிராம் சொச்சம்தான் போகும், அதுக்குள்ளதான் எல்லாமே. பிரஸ்லயே அளந்து விடறதுக்கு சின்ன குழல் மாதிரி புஷ்ஷிங் இருக்கு, எந்த நம்பர் புஷ்ஷிங்னா எவ்வளவு விழும்னு அட்டவணையும் இருக்கு, ஆனா அத நம்பக் கூடாது, நான் எடை போட்டு பாத்தப்ப அட்டவணைல இருந்தத விட கொறச்சலாத்தான் விழுந்துச்சு. அதனால தராசு இல்லாம இந்த வேலைய ஆரம்பிக்கவே கூடாது, பிரஸ்ஸுக்கு முன்னாடி தராசு வாங்கணும்னு நான் சொல்வேன்.

மச்சான் கேப்பாரு, இதுல என்னடா மிச்சம்னு. உண்மைய சொன்னா, 12 கேஜ்ல பெருசா ஒண்ணும் மிச்சமில்ல, கேஜ்னா குழலோட அகலத்துக்கு ஒரு அளவு, நம்பர் கூடக் கூட குழல் சின்னது, கடையில சாதாரண தோட்டா பெட்டி மலிவாத்தான் கெடைக்குது. 28 கேஜ், 410 மாதிரி சின்ன சைஸ் சுடறவங்களுக்குத்தான் நல்ல மிச்சம், கடையில அதுக்கு வெல ஜாஸ்தி. ஈயக்குண்டு 25 பவுண்டு மூட்டையா வரும், ஒரு தோட்டாவுக்கு ஒரு அவுன்ஸ் போட்டா ஒரு மூட்டைக்கு நானூறு தோட்டா. நான் காசுக்காகப் பண்ணல. பனி விழ ஆரம்பிச்சா சாயங்காலம் நாலரைக்கே இருட்டிரும், அந்த நேரத்துல பெரியவரோட ஒக்காந்து ஒரு தோட்டா ஒரு தோட்டாவா செய்யறது, அய்யா திண்ணையில வலை பொத்துவாருல்ல, பேச்சே இல்லாம, நாமளும் பக்கத்துல ஒக்காந்து நூலு சுத்திக் குடுப்போமே, அதே மாதிரி இருக்கு.

இத உன்ட்ட மறைக்கக் கூடாதுன்னு நெனைக்கிறேன், அதனால சொல்றேன். ஆவணி மாசம் நான் தனியா செஞ்ச முதல் பெட்டி, 25 தோட்டா, அத கிளப்புக்கு எடுத்துட்டுப் போனேன். பதினோராவதோ என்னவோ, சுட்டா சத்தம் சரியா வரல, டமால்னு வர வேண்டியது சப்புன்னு போச்சு, தட்டும் ஒடயல. நான் அடுத்த தோட்டாவப் போட கைய கொண்டு போறேன், பின்னாடி இருந்து பெரியவரு கத்துனாரு பாரு, அந்த வயசுல அவ்வளவு சத்தம் வரும்னு நான் நெனைக்கல. துப்பாக்கிய வாங்கி, தெறந்து, காலி பண்ணிட்டு, குழலுக்குள்ள வெளிச்சத்துல பாத்தா நடுவுல வாட் சிக்கி நிக்குது. அந்த ஒரு தோட்டாவுல பவுடர் விழல, நடுவுல யாரோ கூப்பிட்டாங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டு வந்து விட்ட எடம் தெரியாம அடுத்த வேலைய பாத்திருக்கேன். பிரைமர் மட்டும் வெடிச்சு வாட்ட பாதி வழிக்கு தள்ளி விட்டுருச்சு. அடைப்போட இன்னொன்ன சுட்டிருந்தா குழல் என் இடது கை இருக்கற எடத்துலயே பொளந்திருக்கும்.

நான் அங்கயே தரையில ஒக்காந்துட்டேன்க்கா. கண்ணு முன்னாடி மணல்தான் தெரிஞ்சுச்சு, உன் தாவணிதான் தெரிஞ்சுச்சு. அன்னிக்குத்தான் பெரியவர்ட்ட சித்தப்பா கதைய முதல் தடவ சொன்னேன். அவரு ஒண்ணும் பேசல, வீட்டுக்கு வந்து மிச்சம் இருந்த பதினாலு தோட்டாவையும் ஒண்ணொண்ணா அறுத்து கொட்ட வச்சாரு. அதுக்கப்பறம் நான் செய்ற முறைய மாத்திட்டேன். போன மேல வீட்லயே வச்சிட்டுத்தான் கீழ பேஸ்மெண்டுக்கு வருவேன், பாட்டு கெடையாது, ஒவ்வொரு கூட்டுலயும் பவுடர் விழுந்துச்சான்னு வாட் வைக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு கண்ணால பாக்குறேன், எந்திரிக்க வேண்டி வந்தா கையில இருக்கறத காலி பண்ணிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கிறேன். பத்து தோட்டாவுக்கு ஒருதடவ எடை. 20 கேஜ் தோட்டாவ வீட்டுக்குள்ளயே விடறதில்ல, அது சின்னது, 12 கேஜ் துப்பாக்கியில தவறிப் போட்டா உள்ள வழுக்கிப் போயி சிக்கிக்கும், அதுக்காகத்தான் 20 கேஜ மஞ்சள் கலர்ல செய்றாங்க.

இன்னொண்ணு, இது உனக்காக. ஈயம் வெஷம்னு நான் இங்க வந்துதான் ஒழுங்கா தெரிஞ்சுக்கிட்டேன். இங்க வாத்து வேட்டைக்கு ஈயக்குண்டு போடறத 1991லயே நாடு முழுக்க தடை பண்ணிட்டாங்க, ஏன்னா சேத்துல கெடக்குற குண்ட வாத்துங்க கல்லுன்னு முழுங்கி செத்துப் போகுதுங்க. நான் குண்ட தொட்டா சோப்பு போட்டு கை கழுவாம எதையும் வாயில வைக்கறதில்ல, மேசைய ஈரத் துணியில தொடைப்பேன், கூட்ட மாட்டேன், கூட்டுனா தூசி பறக்கும். அய்யா வலைக்கு ஈயம் கட்ட அடுப்பாங்கரையில உருக்கி மண்ணு அச்சுல ஊத்துவாரே, நாம சுத்தி ஒக்காந்து பாத்துக்கிட்டு இருப்போமே, மச்சான் இப்பவும் அப்படித்தான் பண்றாரா? பண்ணுனாருன்னா தயவுசெஞ்சு நிறுத்தச் சொல்லு. கடையில ஊத்துன குண்டே கெடைக்குது, காசு நான் அனுப்புறேன். சின்னவளுக்கு இன்னும் நாலு வயசு ஆகல, அவ மூச்சுல அந்தப் புகை போகவே கூடாது.

மருமகனே, உனக்கு தனியா ஒரு வார்த்தை. மாமா செய்றாருன்னு அங்க எவன்ட்டயும் பெருமை பேசாத, முயற்சியும் பண்ணாத. இங்க சொந்தமா சுடறதுக்கு செஞ்சுக்கலாம், விக்கணும்னா லைசென்ஸ் வேணும். அங்க 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா செஞ்சாலே ஜெயிலு. உனக்கு சுடணும்னு ஆசையா இருந்தா ரைபிள் கிளப்புல முறையா சேத்து விடச் சொல்றேன், அதுக்கு ஆகுற செலவு என்னோடது.

அக்கா, வர்ற ஞாயித்துக்கெழம இங்க காலைல ஒம்பது மணி, உங்களுக்கு ராத்திரி ஏழரை. வீடியோ கால் போடுறேன், எடு. பேஸ்மெண்ட்ல மேசை, தராசு, பூட்டு எல்லாத்தையும் காட்டுறேன், பெரியவரும் வர்றேன்னு சொல்லியிருக்காரு, உன்ன பாக்கணுமாம். சித்தப்பாவ கூட்டிட்டு வந்து பக்கத்துல ஒக்கார வை. ஒரு தோட்டா முதல்லருந்து கடைசி வரைக்கும் அவரு கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுறேன். பாத்துட்டு அவரு வேண்டாம்னு சொன்னா அன்னிக்கே பிரஸ்ஸ பெரியவர்ட்ட திருப்பிக் குடுத்துடுறேன்.

சாப்பிடுக்கா.

உன் தம்பி