பட்டாணிக்கு, காவேரிப்பட்டணத்திலிருந்து

அன்புள்ள பட்டாணி,

பொங்கலுக்கு நீ வாட்ஸப்பில் அனுப்பிய கரும்புக்கு நான் இன்னும் பதில் போடவில்லை என்று ஆறாம் நம்பர் ரூம்காரிகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாயாமே. சரி, திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். மா பூத்த அளவுக்குப் பிஞ்சு நிற்கவில்லை, கூழ் ஃபேக்டரிக்காரர்கள் இந்த வருஷமும் கடைசி நாள்வரை விலை சொல்லப்போவதில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து பேசிவிடுவாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பெரியண்ணன் விஷயம். கேன்சர் என்ற அளவுக்கு நெட்டச்சி சொல்லியிருப்பாள்.

பெருங்குடலில். ரொம்ப நாளாக ரத்தம் போயிருக்கிறது, மூலம் என்று அவரே முடிவு கட்டித் துத்தி இலையைத் தின்றுகொண்டிருந்திருக்கிறார். புரட்டாசியில் பெங்களூரில் ஆபரேஷன். நிணநீர்க் கணுவிலும் இருந்ததால் கீமோ. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் ட்ரிப்ஸ், கூடவே பதினான்கு நாள் கேப்சிடபின் மாத்திரை, அப்புறம் ஒரு வாரம் சும்மா. நர்ஸாக இருந்த உனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.

இப்போது நடந்ததைக் கேள். மார்கழிக் குளிரில், விடியக்காலையில், போர் தண்ணீரில் கை வைத்தவருக்குச் சுரீரென்று ஷாக் அடித்திருக்கிறது. குழாயைத் தொட்டாலும் அடிக்கிறது, பித்தளைக் குடத்தைத் தொட்டாலும் அடிக்கிறது. மோட்டாரில் கரண்ட் லீக் ஆகிறதென்று ஒயர்மேனைக் கூப்பிட்டார். அவன் டெஸ்டர் வைத்துப் பார்த்தான், எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டான், ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்லிக் காசும் வாங்கிக்கொண்டு போனான். மறுநாளும் ஷாக். அதே குழாயை அண்ணி தொட்டால் ஒன்றுமில்லை. "கரண்டுக்கும் ஆள் பார்த்து அடிக்கத் தெரியுது, முப்பத்தஞ்சு வருஷம் நீங்க கத்தினதுக்கு இதான் கூலி" என்று அண்ணி சொல்ல, வீடே சிரித்திருக்கிறது. மருந்து படிக்கிற என் தம்பி மகள் போனில் இதைக் கேட்டதும் சிரிக்கவில்லை. "அத்தை, அது மோட்டார் இல்ல, ட்ரிப்ஸ்ல ஏத்தற மருந்து" என்றாள். ஆக்ஸாலிபிளாட்டின் ஏறினால் குளிர்ந்தது எதைத் தொட்டாலும் விரல் நரம்பு அப்படித்தான் சுண்டுமாம், ஜில் தண்ணீர் குடித்தால் தொண்டையே அடைத்தாற்போல் ஆகுமாம்.

எனக்கு வயிற்றெரிச்சல் எதில் தெரியுமா? ஒயர்மேனிடம் விலாவாரியாகச் சொன்ன மனுஷன், அதற்கு நடுவில் போய்ப் பார்த்த டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எப்படி இருக்கீங்க?" என்று அவர் கேட்டால் "நல்லாருக்கேனுங்க சார்". அதோடு சரி, அடுத்த ஆள் உள்ளே. டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, வெளியே அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு வந்ததுதான் மோசம். மூன்றாவது சுற்று மாத்திரையின்போது பேதி. மருமகள் எதிரில் அதைச் சொல்ல அண்ணனுக்குக் கூச்சம். சாப்பிட்டால்தானே போகும் என்று சாப்பாட்டையே நிறுத்திவிட்டு, மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ராத்திரி பாத்ரூமில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. ஆம்புலன்ஸ், ஐசியு, உப்புச் சத்து எல்லாம் தலைகீழ். ஒரு நாளைக்கு வழக்கத்தைவிட நாலு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனால் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கூப்பிட வேண்டும் என்பது அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கிறது, எறும்பு எழுத்தில், இங்கிலீஷில்.

ஏன்யா சொல்லலை என்று அழுதுகொண்டே கேட்டேன். அவர் சொன்னது: "சொன்னா மருந்தை நிறுத்திப்புடுவாங்க. நிறுத்தினா அது திரும்ப வந்துடும்." கூச்சமெல்லாம் மேலுக்குத்தான் பட்டாணி, உள்ளே இருந்தது இந்தப் பயம்.

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு இந்தப் பைத்தியம். தம்பி மகள் ஒவ்வொன்றாக அனுப்ப அனுப்ப ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிறேன். நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரியில் ஈதன் பாஷ் என்ற டாக்டர் 766 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். இன்னொரு பிரிவில் இருந்தவர்கள், வாந்தி, வலி, மூச்சிரைப்பு, பேதி என்று 12 தொந்தரவுகளைத் தாங்களே கணினியில் குறித்துக்கொண்டே வர வேண்டும். ஏதாவது மோசமானால் நர்ஸுக்கு உடனே தகவல் போகும். அவ்வளவுதான், புது மருந்து எதுவும் கிடையாது. 2017-ல் வந்த கணக்குப்படி, குறித்தவர்கள் நடுமட்டமாக 31.2 மாதம் வாழ்ந்திருக்கிறார்கள், மற்றவர்கள் 26. அவசர சிகிச்சைக்கு ஓடியதும் குறைவு. நான் எழுந்து உட்கார்ந்தது இதற்கல்ல. தொந்தரவைச் சொன்னவர்கள் கீமோவில் சராசரியாக 8.2 மாதம் தாக்குப்பிடித்தார்கள், மற்றவர்கள் 6.3 மாதம்தான்! சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று அண்ணன் நினைத்ததற்கு நேர் எதிர். சொன்னதால்தான் அளவைக் குறைத்தோ, பேதிக்கு மாத்திரை கொடுத்தோ தொடர முடிந்திருக்க வேண்டும். இன்னொன்று, கணினிப் பழக்கம் இல்லாதவர்களுக்குத்தான் பலன் கூடுதலாம். அண்ணன் பட்டன் போன் வைத்திருக்கிறார் என்று இனி யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம்.

இரு, நர்ஸம்மா கண்ணை உருட்டுவது இங்கே தெரிகிறது. அந்த ஆய்வில் மார்பகம், நுரையீரல், கர்ப்பப்பை, சிறுநீர்ப் பாதை மாதிரியான கேன்சர்கள்தான், குடல்காரர்கள் இல்லை. அப்புறம் அமெரிக்காவிலேயே 52 இடங்களில் 1,191 பேரை வைத்துப் பெரிதாகச் செய்தபோது குடல்காரர்களும் இருந்தார்கள். அதில் ஆயுள் கூடவில்லை. ஆனால் நடமாட, வேலை செய்ய உடம்பு ஒத்துழைத்தது, தொந்தரவு அடங்கியது, ஆஸ்பத்திரிக்கு முதல்முறை அவசரமாக ஓடுவது தள்ளிப்போனது. எனக்கு அது போதும். அண்ணன் இன்னும் எத்தனை வருஷம் என்று நான் கேட்கவில்லை, பாத்ரூம் தரையில் கிடக்கக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

குடலும் வயிறும் இதற்கென்றே செய்தாற்போல் இருக்கிறது, யோசித்துப் பார். ஸ்கேனில் கட்டி தெரியும், சாப்பிட்டபின் என்ன ஆகிறதென்று தெரியுமா? அண்ணன் பக்கத்துக் கட்டிலில் பென்னாகரத்துக்காரர் ஒருவர், இரைப்பையை எடுத்தவர். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வேர்த்துக்கொட்டும், நெஞ்சு படபடக்கும், படுத்துவிடுவார். காத்து கருப்பு என்று தாயத்துக்கூடக் கட்டியாகிவிட்டது. சத்து இல்லையென்று வீட்டில் குளுக்கோஸும் சர்க்கரை போட்ட கஞ்சியுமாகக் கொடுக்க, படபடப்பு இன்னும் கூடியிருக்கிறது. இரைப்பை இல்லாததால் இனிப்பு மொத்தமாகக் குடலில் இறங்குவதால் வருகிற கோளாறாம். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை, இனிப்பைக் குறை, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே என்று டயட்டீஷியன் பொண்ணு சொன்ன பிறகுதான் மனுஷர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அதுவரை யாரும் அவரை, சாப்பிட்டதும் என்ன ஆகுது என்று கேட்கவே இல்லை.

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இதற்கென்று 78 தொந்தரவுகளுக்கு 124 கேள்வி எழுதி வைத்திருக்கிறது. போன ஏழு நாளில் எத்தனை தடவை, எவ்வளவு கடுமை, அன்றாட வேலையைக் கெடுத்ததா என்கிற மாதிரி. எல்லாவற்றையும் ஒருவரிடம் கேட்பதில்லை, வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். நானும் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, பேதி, வாய்ப்புண், விரல் மரமரப்பு, உள்ளங்கை எரிச்சல், எத்தனை களி உருண்டை இறங்கியது என்று எழுதி, அண்ணனை ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார வைத்துவிட்டேன். முதல் வாரம் எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்ல". எட்டாம் வகுப்பில் நாற்பது வாண்டுகளை மேய்த்தவளிடமா? சட்டைக்குப் பட்டன் போட்டுக் காட்டு என்றேன். முடியவில்லை. ஒரு மாசமாகப் பனியனோடு திரிந்ததன் காரணம் அப்போதுதான் தெரிந்தது. அடுத்த தடவை நோட்டை டாக்டர் மேஜையிலேயே வைத்தேன். இரண்டு நிமிஷம் படித்தார், ஆக்ஸாலிபிளாட்டின் அளவைக் குறைத்தார். இப்படியே விட்டிருந்தால் மரமரப்பு நிரந்தரமாகவே தங்கியிருக்கக்கூடும் என்றார்.

நீ கேட்கப்போவதையும் நானே கேட்கிறேன்: செவ்வாய்க்கிழமை ராத்திரி பேதியானால் யார் போனை எடுப்பது? ஆய்வில் நர்ஸ் இருந்தார். இங்கே ரிசப்ஷன் நம்பர்தான், அதிலும் பாட்டு ஓடும். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால் அண்ணன் மாதிரி ஆட்கள் மறுபடி வாயே திறக்க மாட்டார்கள். எனக்கு ஒன்று தோன்றுகிறது. வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ல் நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். பிரஷர் மாத்திரை கொண்டுவருகிற அந்தப் பொண்ணுக்கு எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன நோய் என்று அத்தனையும் அத்துப்படி. கீமோ ஓடுகிற வீட்டில் அவள் வாரம் ஒருமுறை அஞ்சு கேள்வி கேட்டு, மோசமென்றால் ஒரு நர்ஸுக்குச் சொல்ல வழி இருந்தால் என்ன? ரிட்டையர் ஆன நர்ஸுகள் சேலத்தில் சீரியல் பார்த்துக்கொண்டு சும்மாதானே இருக்கிறார்கள்? யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

விளையாட்டில்லை பட்டாணி. பேதி, காய்ச்சல், மரமரப்பு, எது எந்த அளவு போனால் மறுநாள்வரை பொறுக்கலாம், எது போனால் அப்போதே கிளம்ப வேண்டும் என்று தமிழில், பெரிய எழுத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடு. டாக்டரிடம் காட்டி ஒத்துக்கொண்டபின் ஜெராக்ஸ் போட்டுப் பென்னாகரத்துக்காரர் வீட்டுக்கும் அனுப்புகிறேன்.

அப்புறம், நெஞ்செரிச்சலுக்கு நீ எத்தனை நாளாகப் பேன்டோப்ரசோல் தின்கிறாய்? சோறு தொண்டையில் நின்று நின்று இறங்குகிறதென்று நெட்டச்சியிடம் சொன்னாயாம், என்னிடம் மூச்சு விடவில்லை. அடுத்த வாரத்துக்குள் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடு. ஞாயிறு சாயந்தரம் கூப்பிடுவேன். "ஒண்ணுமில்ல" என்றால் போனை உன் மருமகளிடம் கொடுக்கச் சொல்வேன்.

அண்ணிதான் உன் பாவாடை நாடா கதையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சித்திரையில் வா, செந்தூரா ஒரு பெட்டி எடுத்து வைக்கிறேன்.

உன்,
சாம்பார் வாளி