துருப்பிடித்த யூ போல்ட்டுக்கு கேஸ் தீ வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய லாரிகளைப் பராமரிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டயர், ரேடியேட்டர், பேட்டரி பற்றியெல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டில் துருவேறி இறுகிப்போன நட்டுகளை கேஸ் தீ வைத்துப் பழுக்கக் காய்ச்சினால் சுலபமாகக் கழன்றுவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் விட முடியவில்லை. கழலும், பொய் இல்லை. கழன்ற அதே யூ போல்ட்டைத் திரும்ப மாட்டலாமா என்பதைச் சொல்லவில்லையே. எங்கள் பக்கம் சில பட்டறைகளில் மாட்டித்தான் அனுப்புகிறார்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆக்சிலையும் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) அடுக்கடுக்கான ஸ்பிரிங் பட்டை செட்டையும் சேர்த்துக் கவ்விப் பிடித்திருப்பதே U எழுத்து மாதிரி வளைந்த இந்த யூ போல்ட்தான். எங்கள் சேலத்துக்குப் பக்கத்து மலையான ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அடிவாரம் வருவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள். லோடோடு இறங்கும்போது ஒவ்வொரு பிரேக்குக்கும் சக்கரம் நிற்கப் பார்க்கும், சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், முன்னால் போகப் பார்க்கும், அந்த இழுப்பு முழுக்க ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில்தான் விழுகிறது. யூ போல்ட்டின் பிடி தளர்ந்துவிட்டால், பட்டைகளை ஒன்றாகக் கோர்த்திருக்கும் அந்த ஒற்றை சென்டர் போல்ட் அத்தனையையும் தாங்க வேண்டும். அது அந்த வேலைக்குப் போட்டதே இல்லை. அறுந்தால் ஒரு பக்கம் ஆக்சில் நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். இன்னொரு மலைப்பாதையான குப்பனூர் வழியாக இறங்கினாலும் கதை இதுதான்.

யூ போல்ட் பதம் போட்ட எஃகு, அதாவது சூடாக்கிக் குளிரவைத்து உறுதி ஏற்றியது. இரும்பு கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிய ஆரம்பிப்பதே 500 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான், பழுக்கக் காய்ச்சினால் அதற்கும் மேலே, அந்தச் சூட்டில் பதம் இறங்கிவிடும். பார்வைக்குப் பழையபடியே இருக்கும், ஸ்பேனருக்கும் நன்றாக இறுகும், அப்புறம் பாரத்தில் இழுபட்டு நீண்டுகொண்டே போகும். தீ பட்டை மேல் பட்டால் அதைவிட மோசம், சூடு பட்ட இடத்தில் பின்னாளில் விரிசல் விடும். பக்கத்திலேயே பிரேக் ஹோஸும் ரப்பர் புஷ்ஷும் இருக்கின்றன. ஷாக் அப்சார்பர் இருக்கிற வண்டியில் அது சூடேறினால் வெடிக்கக்கூடும். அழுக்கெடுக்க பிரேக் கிளீனர் அடித்துவிட்டு அதே இடத்தில் நெருப்பு வைக்கிறவர்களும் உண்டு. குளோரின் கலந்த வகையாக இருந்தால் பாஸ்ஜீன் என்கிற விஷ வாயு வரும், தயவுசெய்து வேண்டாம்.

சரி, வேறு எப்படிக் கழற்றுவது? முதலில் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையை (திருகு வரிகளை) கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி வந்த வண்டி, எஸ்டேட் செம்மண் அப்பி ஈரம் காயாமல் கிடந்த வண்டி, இவற்றில் நட்டு வெளியே வரவேண்டிய வழி முழுக்க மண்ணும் துருவும்தான் இருக்கும். இரும்பு துருவானால் முன்பைவிட அதிக இடம் கேட்கும், மரை இடுக்கில் அது வீங்கி உட்கார்ந்துகொள்வதால்தான் நட்டு நகர மறுக்கிறது. சுத்தம் செய்தபின் டபிள்யூடி-40 மாதிரி ஊடுருவும் எண்ணெய் ஏதாவது ஒன்றை ஊற்றுங்கள், ஆக்சில் ஆயிலையே தடவிவிட்டு இறங்கவில்லையே என்று சொல்லக்கூடாது, கெட்டியான எண்ணெய் உள்ளே போகாது. ஊற்றியபின் நட்டின் தட்டையான பக்கங்களில் சுத்தியலால் நாலு தட்டு, மரை நுனியில் அடிக்காமல். அதிர்ச்சியில் துரு உடையும், எண்ணெய்க்கு வழி கிடைக்கும். சாயங்காலம் ஒருமுறை, படுக்கப்போகும் முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை. ஊற்றிவிட்டு டீ குடித்து வருவதற்குள் கழன்றாக வேண்டும் என்றால் நடக்காது.

காலையில் நட்டின் ஆறு முகத்திலும் உட்காரும் பாக்ஸ் ஸ்பேனரைப் போடுங்கள், பன்னிரண்டு முனை உள்ளது துருத் தின்ற நட்டில் வழுக்கி மூலையை மழித்துவிடும். கழற்றும் திசையில் எடுத்தவுடனே பைப் போட்டுத் தொங்காமல், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்துப் பாருங்கள். டக்கென்று ஒரு சத்தம் வந்து, மரை ஓரத்தில் காபித்தூள் நிறத்தில் எண்ணெயும் துருவும் குழம்பாகக் கசிந்தால் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறமும் ஒரேயடியாகச் சுற்றக்கூடாது. அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, கிரீச்சென்று சத்தம் கேட்டால் நிறுத்தி மறுபடி எண்ணெய். இதெல்லாம் தொடங்குவதற்கு முன்பே சேஸுக்குக் கெட்டியான முட்டுக் கொடுத்துப் பட்டையின் பாரத்தை இறக்கியிருக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி கிளீனர் பையனை அடியில் அனுப்பாதீர்கள்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் கிரைண்டர் வைத்தோ உளி வைத்தோ நட்டை வெட்டி எறியுங்கள். எப்படியும் அந்த யூ போல்ட்டை மறுபடி மாட்டப்போவதில்லை. கேஸ் படாமல் கையாலேயே கழன்றிருந்தாலும் புதிதுதான் போட வேண்டும், ஒருமுறை முறுக்கி நீண்ட மரை இரண்டாவது முறை அதே பிடி பிடிக்காது. சேலத்தில் கிடைக்காத லாரி சாமானா?

பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்றிதழுக்குக் காட்ட வேண்டும். தேதி தெரிந்தே இருக்கிறது, ஆனாலும் முந்தின நாள் மத்தியானம் வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, ராத்திரிக்குள் முடித்துக் கொடு என்று உட்கார்ந்தால் அவர் கேஸ் கட்டரைத்தான் எடுப்பார். வேறு என்ன செய்வார்? ஒரு வாரம் முன்பே விடுங்கள்.

புது யூ போல்ட்டை இறுக்கும்போது ஒரு நட்டையே முழுக்க முறுக்காமல், குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்லுங்கள். கடைசி முறுக்கு, சேஸுக்குக் கொடுத்த முட்டுகளை எடுத்துவிட்டு, வண்டி தன் பாரத்தில் சக்கரத்தில் நிற்கும்போது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டைகள் அமர்ந்து நட்டு கொஞ்சம் தளரும், அப்போது திரும்பப் போய் ஒருமுறை இறுக்கிக்கொள்ள வேண்டும், அதற்குக் காசு கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய லாரிக்காரன்,
கொண்டலாம்பட்டி, சேலம்.