மாற்றுக் கிட்டார் ப்ராசஸர்: மேடைக் கலைஞர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்தால் கொங்கு வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களுக்கு ஓய்வு கிடையாது. அந்தியூர் குருநாதசுவாமி திருவிழா, சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஊருக்கு ஊர் அம்மன் நோம்பி என்று தொடங்கும் கச்சேரிகள், ஆவணி பிறந்ததும் கல்யாண மண்டபங்களுக்கு நகர்ந்துவிடும். இந்தக் காலத்தில் புதிதாக மேடையேறும் இளம் கிட்டார் கலைஞர்கள் பலரும் மூத்தவர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கையில் இருக்கும் ப்ராசஸர் (கிட்டாரின் ஒலியை மாற்றி அமைத்துத் தரும் மின்னணுப் பெட்டி) நடுக் கச்சேரியில் நின்றுபோனால் எடுத்துக்கொள்ள, குறைந்த விலையில் எந்த மாற்றுப் பெட்டியை வாங்கி வைத்திருப்பது? கடைக்காரர்களும் விளம்பரங்களும் இதற்குச் சொல்லும் பதில், எத்தனை ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) ஒலி, எத்தனை எஃபெக்ட் (எதிரொலி போன்ற ஒலி மாற்றம்) என்ற எண்ணிக்கையிலேயே முடிந்துவிடுகிறது. மாற்றுப் பெட்டிக்கு அந்த எண்ணிக்கை முக்கியமே அல்ல என்பதையும், அது எந்த மின்சாரத்தில் ஓடும், எவ்வளவு விரைவில் கைக்கு வரும் என்ற இரண்டையும் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

முன்பெல்லாம் கிட்டார்க்காரரின் ஒலி ஆம்ப், காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல்கள், ஸ்பீக்கர் என்று பல இடங்களில் பிரிந்து கிடந்தது. ஒரு பெடல் பழுதானால் அதைக் கழற்றிவிட்டு மீதியை வைத்துச் சமாளித்துவிடலாம். 1998-ல் லைன் 6 நிறுவனம் பாட் என்ற சிறிய பெட்டியைக் கொண்டுவந்த பிறகு, ஆம்ப்பின் ஒலியையே கணக்கிட்டு உருவாக்கித் தரும் கருவிகள் பெருகின. இன்று நம் மேடைகளில் கிட்டாருக்கென்று தனி ஆம்ப்பைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. தூக்கிச் செல்வது எளிது, எல்லாக் கருவிகளின் ஒலியையும் கலக்கும் மிக்ஸருக்கு நேராகப் போகிறது, பாட்டுக்குப் பாட்டு ஒலியை மாற்ற ஒரு மிதி போதும் என்பதெல்லாம் நன்மைதான். ஆனால் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டதால், அது நின்றால் கிட்டார் முழுவதுமாக ஊமையாகிவிடுகிறது.

பழுது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெட்டியின் உள்ளே இருக்கும் சிப் கெட்டுப்போவது மிகவும் அபூர்வம். அடாப்டர் சாகும், அடாப்டரின் வயர் பின்னின் கழுத்தில் முறியும், பெட்டியின் மின் துளை தளர்ந்து, பக்கத்தில் ஒருவர் காலை அழுத்தி வைத்தாலே தொடர்பு விட்டுப்போகும், கால் சுவிட்சில் தூசி சேர்ந்து, ஒருமுறை மிதித்தால் இரண்டுமுறை வேலை செய்யும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கும் காற்றில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் திறந்த மைதானத்தில் கச்சேரி செய்தவர்களுக்கு, இடைவேளைக்குள் பெட்டியின்மேல் எவ்வளவு மண் படிந்திருக்கும் என்பது தெரியும். மின்சாரமும் அதே போலத்தான். சீரியல் செட் விளக்குகளும், ஃபோகஸ் விளக்குகளும், ஐஸ்கிரீம் வண்டியும் ஒரே ஜெனரேட்டரில் ஓடும்போது மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. அதன் அடியை முதலில் தாங்குவது அடாப்டர். ஆகவே, புதுப் பெட்டி வாங்க வசதியில்லாத இளைஞர்கள் முதலில் தங்கள் பிரதான ப்ராசஸருக்குப் பொருத்தமான இன்னொரு அடாப்டரை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளட்டும். மேடையில் வரும் சிக்கல்களில் கணிசமான பகுதி அதிலேயே தீர்ந்துவிடும்.

பெட்டியே வாங்குவதென்றால், பேட்டரியில் ஓடக்கூடியதாகப் பார்த்து வாங்குவதுதான் அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து. பாஸ் (Boss) நிறுவனத்தின் ஜிடி-1 நான்கு ஏஏ பேட்டரிகளில் ஓடும். நல்ல ஆல்கலைன் பேட்டரி போட்டால் சுமார் 7 மணி நேரம் தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. ஒரு கச்சேரிக்கு அது தாராளம். ஜூம் நிறுவனத்தின் ஜி1 ஃபோர், அதிலேயே கால் பெடல் சேர்ந்த ஜி1எக்ஸ் ஃபோர் ஆகியவையும் நான்கு ஏஏ பேட்டரிகளில், நிறுவனக் குறிப்பின்படி 18 மணி நேரம் வரை ஓடும். யுஎஸ்பி வழியாகவும் மின்சாரம் எடுத்துக்கொள்வதால், செல்போனுக்கு வைத்திருக்கும் பவர் பேங்க்கும் உதவும். மாறாக, நக்ஸ் நிறுவனத்தின் எம்ஜி-300 ஒலியில் பாராட்டத்தக்கது, ஸ்பீக்கரின் ஒலித்தன்மையைப் பதிவுசெய்த ஐஆர் கோப்புகளை வெளியிலிருந்து ஏற்றிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. ஆனால் பேட்டரி கிடையாது. லைன் 6 நிறுவனத்தின் பாட் கோ, எச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்றவை பிரதானப் பெட்டிகளாகவே சிறந்தவை; அவற்றுக்கு 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும், சாதாரணப் பெடல் அடாப்டரால் அதைத் தர முடியாது. ஜிடி-1 எடுத்துக்கொள்வதோ 200 மில்லி ஆம்பியர் அளவில்தான் என்பதால், பேட்டரி தீர்ந்தாலும் பக்கத்தில் இருக்கும் பேஸ் கிட்டார்க்காரரின் 9 வோல்ட் பெடல் அடாப்டரைக் கடன் வாங்கிச் சமாளிக்கலாம். பிரதானப் பெட்டி எந்த மின்சாரத்தால் நின்றதோ, அந்த மின்சாரத்தையே மாற்றுப் பெட்டியும் நம்பியிருந்தால் அதை மாற்று என்று சொல்வதில் பொருளில்லை.

அடாப்டரைக் கடன் வாங்குவதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கிட்டார் பெட்டிகளில் பெரும்பாலானவை 9 வோல்ட், பின்னின் நடுவில் எதிர்முனை. அடாப்டரின் முதுகில் பொடி எழுத்துக்குக் கீழே ஒரு சிறிய வட்டப் படம் அச்சிட்டிருக்கும். அதன் நடுப்புள்ளியிலிருந்து வரும் கோடு கழித்தல் குறியில் போய் முடிகிறதா, கூட்டல் குறியில் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். யமஹா கீபோர்டுகள் பலவற்றுக்கு வரும் அடாப்டர் 12 வோல்ட், நடுவில் நேர்முனை. இருட்டில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவசரத்தில் அதை எடுத்துச் செருகினால் மாற்றுப் பெட்டியும் போய்விடும். சொந்த அடாப்டரின் பின்னுக்கு அருகே சிவப்பு நாடா ஒரு சுற்றுச் சுற்றிவைத்தால் குழப்பமே வராது. பேட்டரிப் பெட்டிகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கிட்டார் ஜாக்கை உள்ளே செருகியதும் பெட்டி உயிர்பெறும் வகையில் அவை அமைக்கப்பட்டிருப்பதால், ஒத்திகை முடிந்து ஜாக்கை அப்படியே விட்டுவிட்டால் கச்சேரி தொடங்குமுன் பேட்டரி கரைந்துவிடும். விழாக் காலம் முடிந்ததும் பேட்டரிகளை வெளியே எடுத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் கசிந்து, தொடர்புத் தகடுகளை அரித்துவிடும்.

அடுத்தது மிக்ஸருக்குப் போகும் வழி. விலை குறைந்த பெட்டிகளைப் பற்றி “ஒலி கீச்சென்று இருக்கிறது, கொசு கத்துவது போல் இருக்கிறது” என்று வரும் குறையில் பெரும்பகுதி பெட்டியின் குறை அல்ல. கிட்டார் ஸ்பீக்கர் இயல்பிலேயே சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை வேகமாக மட்டுப்படுத்திவிடும். ஆம்ப்பின் ஒலியை ஸ்பீக்கர் இல்லாமல் நேராக மிக்ஸருக்கு அனுப்பினால் அந்தக் கீச்சொலி முழுவதும் கூட்டத்தின் காதில் விழும். அதைத் தடுப்பதற்குத்தான், ஸ்பீக்கரின் அந்த இயல்பைப் பெட்டிக்குள்ளேயே உருவாக்கித் தரும் கேபினட் சிமுலேஷன். ஜிடி-1-ல் வெளியீடு எங்கே போகிறது என்று கேட்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. வீட்டில் ஆம்ப்புக்கு ஏற்ப வைத்ததை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்து மிக்ஸரில் மாட்டுகிறார்கள். லைன்/ஃபோன்ஸ் என்பதற்கு மாற்றிவிட்டால் ஒலி உடனே உருண்டு திரண்டு வரும். அதோடு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையும் வெட்டிவிடலாம். கிட்டாரின் தடித்த ஆறாவது தந்தி 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே பெட்டி அனுப்புவது மேடையின் அதிர்வும் முழக்கமும் மட்டுமே.

இந்த விலையில் கிடைக்கும் பெட்டிகளின் வெளியீடு சாதாரண ஜாக். மேடையிலிருந்து நூறு அடி தள்ளி இருக்கும் மிக்ஸர் வரைக்கும் அந்தக் கேபிளையே நீட்டினால் இரைச்சலையும் சேர்த்து இழுத்து வரும். கிட்டார் ஒலியை நீண்ட மைக் கேபிளில் இரைச்சலின்றி அனுப்ப உதவும் நல்ல டிஐ பாக்ஸ் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்வது பெட்டியின் விலையில் சேர்த்தே கணக்கிட வேண்டிய செலவு. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த, மின்சாரம் தேவைப்படாத பேசிவ் வகையே போதும். மைக்குக்காக மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட் பாண்டம் பவர் நேராகப் பெட்டிக்குள் ஏறாமல் அது தடுக்கும். எர்த் தொடர்பைப் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருந்தால் ஜெனரேட்டர் மேடைகளில் வரும் உறுமலையும் பெரும்பாலும் அடக்கும்.

பேட்ச் (சேமித்து வைக்கும் ஒலி அமைப்பு) அமைப்பதில் சிக்கனம் வேண்டும். ஜிடி-1-ல் பயனர் பேட்ச்சுகள் மட்டும் 99 உண்டு. மாற்றுப் பெட்டியில் நான்கு போதும். எஃபெக்ட் இல்லாத கிளீன் (தெளிந்த ஒலி) ஒன்று, மெலடிப் பாட்டுகளின் இடையிசைக்குக் கோரஸும் (பல கிட்டார் சேர்ந்தது போன்ற ஒலி) டிலேயும் (எதிரொலி) சேர்ந்த கிளீன் ஒன்று, குத்துப்பாட்டுகளுக்குத் தாளம் பிடிக்க மிதமான டிஸ்டார்ஷன் (கரகரப்பான ஒலி) ஒன்று, தனி வாசிப்புக்கு ஒன்று. சிறிய பெட்டிகளில் முன்னே, பின்னே என்று அடுத்தடுத்துத்தான் மிதித்து நகர முடியும் என்பதால், கச்சேரியில் எது எதற்குப் பக்கத்தில் தேவைப்படுமோ அந்த வரிசையில் இவற்றை அடுக்கிவைக்க வேண்டும். இதைவிட முக்கியம் ஒலி அளவு. பிரதானப் பெட்டியையும் மாற்றுப் பெட்டியையும் ஒரே கேபிளில், ஒரே மிக்ஸர் சேனலில் மாற்றி மாற்றி மாட்டி, மிக்ஸரில் எதையும் தொடாமலேயே இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும்படி பேட்ச்சுகளின் அளவைச் சரிசெய்ய வேண்டும். ஹெட்ஃபோனில் கேட்டு இதைச் செய்ய முடியாது. குழு முழுவதும் வாசிக்கும்போது செய்தால்தான், தபேலாவுக்கும் ரிதம் பேடுக்கும் கீபோர்டுக்கும் நடுவே கிட்டார் தெரிகிறதா என்பது விளங்கும்.

மாற்றாக வேறு யோசனைகளும் சொல்லப்படுகின்றன. செல்போன் செயலியை வைத்துச் சமாளிக்கலாம் என்பது ஒன்று. இடையில் ஓர் இணைப்புக் கருவி, அதற்கொரு வயர், நடுவே வரும் அழைப்பு என்று பழுதாகக்கூடிய இடங்களை அது அதிகமாக்குகிறது என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1989-ல் வந்த சான்ஸ்ஆம்ப் வழியில் அமைந்த, டிஜிட்டல் கணக்கு இல்லாமல் மின்சுற்றிலேயே ஆம்ப் ஒலியைத் தரும் அனலாக் ப்ரீஆம்ப் பெடல் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது இன்னொன்று. உறுதியானது, மிக எளிமையானது, ராக் மட்டும் வாசிக்கும் குழுவுக்கு அதுவே போதும், ஆனால் ஒரே சினிமாப் பாட்டுக்குள் மூன்று ஒலி மாற வேண்டிய நம் கச்சேரிகளுக்குப் போதாது. பிரதானப் பெட்டியின் அதே மாடலைப் பழையதாக வாங்கினால் பேட்ச்சுகளை அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம் என்பது நல்ல யோசனைதான், விலை கட்டுப்படியானால். பழைய பெட்டி எதுவாயினும் வாங்குமுன் மின் பின்னை லேசாக ஆட்டிப் பாருங்கள், ஒவ்வொரு சுவிட்சையும் பலமுறை மிதித்துப் பாருங்கள், பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

பெட்டி எதுவானாலும், அதை மாற்றும் முறையைக் குழுவே ஒத்திகை பார்க்க வேண்டும். மாற்றுப் பெட்டி பைக்குள் ஜிப் போட்டுக் கிடக்கக் கூடாது. பிரதானப் பெட்டியின் பக்கத்திலேயே, கிட்டார் கேபிளும் மிக்ஸருக்குப் போகும் கேபிளும் மட்டும் செருகப்படாத நிலையில் இருக்க வேண்டும். ஒலி நின்ற கணத்தில் கிட்டார்க்காரர் கையை உயர்த்துகிறார்; மிக்ஸரில் இருப்பவர் அந்தச் சேனலை அடைக்கிறார்; கீபோர்டுக்காரர் கிட்டாரின் பகுதியை எடுத்துக்கொள்கிறார்; கேபிள்கள் இரண்டும் மாறுகின்றன; தலையசைத்ததும் சேனல் திறக்கிறது. இதைப் பழகிய குழுவில் பல்லவி திரும்பி வருவதற்குள் கிட்டார் வந்துவிடும். பழகாத குழுவில், நல்ல பெட்டி கையில் இருந்தும், பாடகர் பாட்டை நிறுத்திவிட்டுக் கூட்டத்திடம் பேச்சுக் கொடுக்க வேண்டிய நிலை வருவதை நம் மேடைகளில் பார்க்கத்தானே செய்கிறோம்.

விழாக் குழுவினருக்கும் மண்டப நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். இசைக் கருவிகளுக்கான மின் இணைப்பை அலங்கார விளக்குகளின் இணைப்பிலிருந்து பிரித்து, முறையான எர்த் இணைப்போடு தனியாகக் கொடுங்கள். கச்சேரி தொடங்குமுன் மேடையில் ஒலிச் சோதனைக்குக் கொடுக்கும் நேரத்தைச் சொற்பொழிவுகளுக்கோ பொன்னாடை போர்த்துவதற்கோ எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுங்கள். மாற்றுப் பெட்டியையும் மாட்டி ஒருமுறை சோதித்துப் பார்க்கக் குழுவுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அந்தக் கொஞ்ச நேரம்தான்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழு கிட்டார் கலைஞர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.